கேட்கிறார்களா, சொல்கிறார்களா?

தமிழில் ஒன்றைக் கேட்பதற்குக் குரல் பெரிதாக ஒத்துழைக்க வேண்டியதில்லை. சொல்லின் வாலில் ஓர் ஆகாரம் ஒட்டிக்கொண்டால் வேலை முடிந்தது. 'வந்தார்' செய்தி, 'வந்தாரா' கேள்வி. முணுமுணுத்தாலும் கேள்விதான், தெருமுனையில் நின்று கத்தினாலும் கேள்விதான். 'ஆ ஏ ஓ அம்மூன்றும் வினா' என்று தொல்காப்பியர் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நன்னூலார் இன்னும் கறாரானவர். எகரமும் யாவும் சொல்லின் முதலில், ஆகாரமும் ஓகாரமும் இறுதியில், ஏகாரம் இரண்டு இடத்திலும் என்று ஒவ்வோர் எழுத்துக்கும் இருப்பிடம் ஒதுக்கினார். கேள்வியை எழுத்தில் தேடியே பழகிய காது நமக்கு.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. அடுக்களையிலிருந்து தலையை மட்டும் நீட்டி 'காபி?' என்று கேட்கும்போது எந்த ஆகாரமும் கிடையாது; குரல் ஏறுவதை வைத்துத்தான் பதில் சொல்கிறோம். ஆனால் அது ஒற்றைச் சொல்லின் சலுகை. முழு வாக்கியம் என்று வந்துவிட்டால் எழுத்து வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஸ்பானிய மொழியில் அந்த எழுத்து இல்லை. ஆம் அல்லது இல்லை என்று பதில் வர வேண்டிய கேள்விகளில் ஒட்டும் கிடையாது, உருபும் கிடையாது. ஆங்கிலத்தைப் போலத் துணைவினையைத் தூக்கி முன்னால் வைக்கும் வழக்கமும் இல்லை. போதாக்குறைக்கு, நம்மைப் போலவே அவர்களும் எழுவாயைச் சர்வ சாதாரணமாக விழுங்கிவிடுகிறார்கள். 'வியேனே மன்யானா' என்றால் 'நாளை வருகிறார்'. அதே சொற்கள், அதே வரிசை, 'நாளை வருகிறாரா?' என்றும் ஆகும். இரண்டுக்கும் நடுவில் நிற்பது குரல் மட்டும்தான்.

எனக்கு இது சோற்றுப் பிரச்சினை. காரைக்குடியிலும் கானாடுகாத்தானிலும் பழைய நகரத்தார் வீடுகளைச் சுற்றிக்காட்டுகிற வழிகாட்டி நான். வருகிறவர்களில் பிரெஞ்சுக்காரர்கள் அதிகம். அவர்களுக்கு ஏற்கெனவே நல்ல வழிகாட்டிகள் இருக்கிறார்கள்; அந்தப் போட்டிக்குப் போக எனக்குத் துணிச்சல் இல்லை. ஸ்பானியர்கள் ஆகஸ்ட் விடுமுறையில் கொஞ்சம், குளிர்காலத்தில் கொஞ்சம் என்று வருகிறார்கள். மொழி தெரிந்த வழிகாட்டிக்குக் கூலி கூடுதல். ஆகவே கற்றுக்கொண்டேன். இலக்கணமும் சொற்களும் படிந்துவிட்டன. பாடாய்ப் படுத்தியது வாக்கியத்தின் கடைசி அரை விநாடி.

நான் அடிக்கடி போகும் ஒரு வீட்டில் மேல்மாடி பூட்டியே இருக்கும். படிக்கட்டின் அடியில் சாவிக்கொத்தோடு காவல்காரர் உட்கார்ந்திருப்பார். வளவு என்கிற நடுமுற்றப் பகுதியைச் சுற்றி வந்த விருந்தாளி ஒருவர் படியைப் பார்த்ததும் 'செ புவேதே சுபீர்' என்பார். 'மேலே ஏறலாம்' என்று தன் மனைவியிடம் சொல்கிறாரா, 'மேலே ஏறலாமா?' என்று என்னைக் கேட்கிறாரா? காவல்காரர் என் முகத்தைப் பார்ப்பார். "என்ன தம்பி, கேட்கிறார்களா, சொல்கிறார்களா?"

"கேட்கிறார்கள் அண்ணே."

"கேட்டால் திறக்கலாம். சொன்னால் எப்படித் திறப்பது?"

அவருடைய நியாயம் அவருக்கு. அவருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்ததால்தான் நான் கவனமாகக் கேட்கத் தொடங்கினேன்.

பாடப் புத்தகங்களும் கைப்பேசிச் செயலிகளும் ஒரு விதி சொல்லும்: கேள்வி என்றால் கடைசியில் குரல் ஏறும், செய்தி என்றால் இறங்கும். பாதி உண்மை. பாதி உண்மையை நம்பி ஒரு குழுவை நடத்திவிடலாம். இரண்டாவது குழு வேறு ஊரிலிருந்து வந்தால் சிரிப்பாய்ச் சிரித்துவிடும். எங்கே கேட்க வேண்டும் என்பதை அந்த விதி சொல்வதே இல்லை என்பதுதான் என் முதல் புகார். 'கடைசியில்' என்றால் எது கடைசி?

வளவுத் தூணைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஸ்பெயினின் தலைநகரான மாத்ரித்திலிருந்து வந்த ஒருவர் 'எஸ் தே பிர்மானியா' என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பர்மாத் தேக்கு பற்றி எங்கோ படித்துவிட்டு வந்திருக்கிறார். 'இது பர்மாவைச் சேர்ந்தது', அல்லது 'இது பர்மாவைச் சேர்ந்ததா?' அந்தச் சொல்லில் அழுத்தம் விழுவது 'மா' மேல். காதை அங்கே நிறுத்த வேண்டும். செய்தியாக இருந்தால் 'மா' தாழ்வாக விழும், அதன்பின் வரும் 'நியா' அதே தாழ்விலோ இன்னும் கீழேயோ அடங்கும். கேள்வியாக இருந்தால்? இங்கேதான் வேடிக்கை. அப்போதும் 'மா' தாழ்வாகத்தான் விழும். கிணற்று வாளி தண்ணீரைத் தொட்டுவிட்டு மேலே வருவதைப் போல, தாழ்வைத் தொட்டபிறகுதான் 'நியா'வில் குரல் ஏறும். அழுத்தம் உள்ள இடத்தில் மட்டும் கேட்டுவிட்டு, 'இறங்கிவிட்டது, செய்திதான்' என்று தலையாட்டினால் அவருடைய கேள்வி அனாதையாக நிற்கும்.

ஆத்தங்குடியில் இதை இன்னும் துல்லியமாகக் கேட்கலாம். பூக்கல் செய்யும் பட்டறையில், கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணக் கலவையைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்துவிட்டு உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, மேலே ஈரக் கலவை போட்டு மட்டம் தட்டுகிறார்கள். சூளை கிடையாது, தண்ணீரும் வெயிலும் பார்த்துக்கொள்கின்றன. கண்ணாடி கழன்று வந்ததும் அதன் வழவழப்பு கல்லில் இருக்கிறது. இதையெல்லாம் ஒரு கூரைக்கு அடியில் நாலைந்து பேர் செய்துகொண்டிருப்பதைப் பார்த்து, 'எஸ் உனா ஃபாப்ரிகா' என்கிறார் விருந்தாளி. 'இது ஒரு தொழிற்சாலை', அல்லது 'இதுவா தொழிற்சாலை?' 'ஃபாப்ரிகா'வில் அழுத்தம் 'ஃபா' மேல். அதற்குப் பின் இரண்டு அசைகள் சும்மா இருக்கின்றன. கேள்வியானால் அந்த இரண்டு அசைகளில் குரல் நிதானமாக ஏறுவதைக் கண்ணால் பார்க்காத குறையாகக் கேட்கலாம். 'சுபீர்' அப்படி இல்லை. அழுத்தமே கடைசி அசையில் இருப்பதால் தாழ்வும் ஏற்றமும் ஒரே 'பீர்'க்குள் நெருக்கியடிக்க வேண்டும். உயிர் சற்று நீண்டு, அதற்குள்ளேயே வளைந்து மேலே போகும். படிக்கட்டடியில் எனக்கு வந்த தடுமாற்றத்துக்கு இந்த இட நெருக்கடிதான் காரணம். புதிதாகக் கற்பவர்கள் ஃபாப்ரிகா, மூசிகா போன்ற சொற்களில் முடியும் கேள்விகளில் தொடங்கிவிட்டு, பிறகு காஃபே, சுபீர் பக்கம் வருவது நல்லது. பாடப் புத்தகம் ஏனோ 'காஃபே'யில்தான் தொடங்கும்.

கடைசி அழுத்த அசையிலிருந்து பேச்சுத் துண்டின் முடிவு வரை உள்ள இந்தப் பகுதிக்கு 'தொனேமா' என்று பெயர் சூட்டியவர் ஸ்பானிய ஒலியியலாளர் தொமாஸ் நவார்ரோ தொமாஸ். 1884-இல் லா ரோதா என்ற ஊரில் பிறந்தவர். 1918-இல் ஸ்பானிய உச்சரிப்பைப் பற்றிய கையேட்டை வெளியிட்டார். உள்நாட்டுப் போரில் குடியரசு தோற்றுக்கொண்டிருந்த 1939 ஜனவரியில், கவிஞர் அந்தோனியோ மச்சாதோவோடு சேர்ந்து பிரெஞ்சு எல்லையைக் கடந்தவர்களில் அவரும் ஒருவர். மச்சாதோ அடுத்த மாதமே எல்லைக்கு அப்பால் இறந்துபோனார். நவார்ரோ அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். 1944-இல் நியூயார்க்கில் வெளிவந்ததுதான் ஸ்பானியக் குரலோட்டம், அதாவது குரலின் ஏற்ற இறக்கம், பற்றிய அவருடைய கையேடு. நாடு கைவிட்டுப்போன ஒருவர் தன் மக்கள் வாக்கியத்தை எப்படி முடிக்கிறார்கள் என்று உட்கார்ந்து எழுதியிருக்கிறார் என்பதை நினைத்தால், அதன் வறண்ட பக்கங்கள்கூட எனக்கு வறண்டதாகத் தெரிவதில்லை.

அவர் ஐந்து முடிவுகளைப் பிரித்தார்: முழு இறக்கம், அரை இறக்கம், சமநிலை, அரை ஏற்றம், முழு ஏற்றம். இதில் நமக்கு வேண்டிய சேதி, முழு ஏற்றம் கேள்விக்கு மட்டும் சொந்தமில்லை என்பது. 'மழை பெய்தால், வெளியே போகமாட்டோம்' என்ற மாதிரி இரண்டு பாதி கொண்ட செய்தி வாக்கியத்தில் முதல் பாதி ஏற்றத்தில்தான் முடியும். 'இன்னும் இருக்கிறது, பொறு' என்பது அதன் பொருள். அங்கே போய் 'கேள்வி கேட்டுவிட்டார்' என்று வாயைத் திறந்தால், அவர் பேச்சை நடுவில் வெட்டிய பாவம் வந்து சேரும்.

பட்டியல் சொல்லும்போதும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. 'தூண்கள், கதவுகள், சன்னல்கள், விதானங்கள்' பார்க்க வேண்டும் என்று ஒருவர் அடுக்குகிறார். கடைசிச் சொல்லுக்கு முன்னால் 'இ', அதாவது நம் 'உம்', வருகிற பட்டியலானால், முதலில் வருபவை ஒவ்வொன்றும் லேசாக இறங்கும். கடைசிக்கு முந்தையது ஏறும். கடைசி நன்றாக இறங்கி முடியும். 'உம்' இல்லாமல் அடுக்கிக்கொண்டே போனால் எல்லாமே இறங்கும். நான் இதைத் தெரிந்துகொண்டதிலிருந்து, சன்னல்களில் குரல் ஏறியதுமே இன்னும் ஒன்றுதான் பாக்கி என்று கணக்குப் போட்டு அடுத்த கட்டுக்கு நகரத் தயாராகிவிடுகிறேன். கூட்டத்தை நடத்துகிறவனுக்கு இந்த மூன்று விநாடி பெரிய லாபம்.

இதே இடத்தில் நம் பேச்சு அவர்களைக் குழப்புகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். தமிழில் நாம் ஒவ்வொரு சிறு தொடரின் முடிவிலும் குரலைக் கொஞ்சம் தூக்குவோம். 'நேற்று, காரைக்குடியில், முனீஸ்வரன் கோயில் தெருவில், ஒரு பழைய கண்ணாடி, வாங்கினேன்' என்பதை இயல்பாகச் சொல்லிப் பாருங்கள். 'வாங்கினேன்' வரும்வரை ஏற்றமாகவே போகும். இந்தப் பழக்கத்தோடு ஸ்பானியம் பேசினால், ஏழெட்டு அசைகளில் ஒரு துண்டை முடித்துப் பழகிய அவர்களுக்கு நாம் ஏணியில் நின்று பேசுவது மாதிரி இருக்கும். எப்போது இறங்குவோம் என்று காத்திருப்பார்கள். என் ஸ்பானியத்தைத் திருத்திய ஒரு பெண்மணி, சொற்களைத் தொடவே இல்லை. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் கையைக் கீழே அழுத்திக் காட்டிக்கொண்டே இருந்தார்.

இனி செயலியின் விதி முழுசாகத் தவறும் இடத்துக்கு வருவோம். எங்கே, எப்போது, யார் என்று தொடங்கும் கேள்விகள் ஸ்பெயினில் பெரும்பாலும் இறங்கித்தான் முடியும். 'தே தோந்தே எஸ் லா மதேரா', அதாவது 'மரம் எங்கிருந்து வந்தது?' என்பது 'தோந்தே'யில் உயர்ந்து, 'மதேரா'வில் தரைக்கு வந்துவிடும். கேள்வி என்று காட்ட 'எங்கே' என்ற சொல் இருக்கும்போது குரலும் எதற்கு மெனக்கெட வேண்டும்? கடைசியில் ஏற்றிக் கேட்டாலும் தப்பில்லை; அது கொஞ்சம் குழைவான, மரியாதை கலந்த கேள்வி. இறக்கிக் கேட்பவர் அதட்டுகிறார் என்று நம்மவர்கள் எடுத்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன். அவர் சும்மாதான் கேட்கிறார்.

'அல்லது' போட்டுக் கேட்பது தனிக் கதை. 'தே ஓ காஃபே' என்றால் தேநீரா காபியா. 'தே' ஏறி, 'காஃபே' இறங்கினால் இரண்டில் ஒன்றுதான், வேறு கிடையாது. இரண்டுமே ஏறினால் 'தேநீர், காபி, அல்லது வேறு ஏதாவது?' என்று கதவு திறந்திருக்கிறது. விருந்தாளிகளுக்குப் பலகாரம் கொடுக்கும் ஒரு வீட்டு ஆச்சி இந்த மூன்று சொற்களையும் என்னிடம் கேட்டு மனப்பாடம் செய்தார்கள். 'காபியா டீயா' என்று நாம் கேட்கும் மெட்டில் இரண்டையும் தூக்கிக் கேட்பார்கள். வெள்ளைப் பணியாரத் தட்டோடு ஆச்சி இப்படிக் கேட்க, வியர்வையில் நனைந்திருந்த ஒரு இளைஞர் மகிழ்ச்சியோடு 'செர்வேசா' என்றுவிட்டார். பீர். நான் ஆச்சியிடம் ஏற்ற இறக்கத்தை விளக்கினேன்.

"இரண்டைச் சொன்னால் இரண்டில் ஒன்றைத்தானே கேட்க வேண்டும்? இல்லாததை ஏன் கேட்கிறார்?" என்றார்கள் ஆச்சி.

மெட்டை மாற்றிக்கொள்ளவில்லை. இன்றும் இரண்டும் ஏற்றம்தான்.

இதுவரை சொன்னது பெரும்பாலும் நடு ஸ்பெயின் பேச்சு. ஊர் மாறினால் கணக்கே மாறும். போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வருகிறவர் 'எஸ் தே பிர்மானியா?' என்று கேட்கும்போது, 'மா' தாழ்வாக விழாது, உச்சிக்குப் போகும். அதற்குப் பிறகு 'நியா'வில் சரேலென்று இறங்கிவிடும். முடிவை மட்டும் கேட்கிறவனுக்கு அது செய்தி. அழுத்த அசையைக் கேட்கிறவனுக்கு அது கேள்வி. கியூபாவிலும் டொமினிக்கன் குடியரசிலும் இந்த ஏறி இறங்கும் கேள்வி சகஜம். அட்லாண்டிக்கின் மறுகரையில் கானரித் தீவுகளிலும் இதே மெட்டுதான். அந்தத் தீவுகளிலிருந்து கரீபியனுக்குத் தலைமுறை தலைமுறையாக ஆட்கள் கப்பலேறியிருக்கிறார்கள். ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கப்பலேறிய ஊர்க்காரர்களான நமக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

மெக்சிகோ நகரத்தின் வெகுஜனப் பேச்சிலோ, கடைசி அழுத்த அசையில் ஏறி உடனே இறங்கும் மெட்டு சாதாரணச் செய்தி வாக்கியத்திலேயே கேட்கும். போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் கேள்வியாகக் கேட்ட வளைவுக்குப் பங்காளி மாதிரி ஒன்று, இங்கே வெறும் தகவல். புவனோஸ் அயர்ஸ்காரர்கள் அழுத்த அசையை இழுத்து, ஏற்றி, அதற்குள்ளேயே இறக்கிவிடுவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே வந்து குவிந்த இத்தாலியர்களின் பேச்சு, குறிப்பாக நேப்பிள்ஸ் பக்கத்துப் பேச்சு, இதில் கலந்திருக்கிறது என்று ஒலியியலாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். அர்ஜென்டினாக்காரர் ஒருவர் தேக்குத் தூணைப் பற்றிப் பேசினால் பாதி நேரம் அதைத் திட்டுகிறாரோ என்று தோன்றும், புகழ்ந்துகொண்டிருப்பார்.

ஆகவே நான் இப்போது இரண்டு இடத்தில் காது வைக்கிறேன்: கடைசி அழுத்த அசை, அதற்குப் பின் வருவது. தாழ்வு, தாழ்வு என்றால் செய்தி. தாழ்வு, ஏற்றம் என்றால் மாத்ரித் கேள்வி. உச்சம், இறக்கம் என்றால் முதலில் ஊரைக் கேள். குழு வந்து இறங்கியதும் 'எந்த ஊர்?' என்று நான் விசாரிப்பது உபசாரத்துக்கு என்று நினைத்துக்கொள்கிறார்கள். உபசாரமும்தான்.

இன்னொரு தடயமும் உண்டு. நடு ஸ்பெயின் பேச்சில், ஆம்-இல்லைக் கேள்வியின் தொடக்கமே செய்தியைவிட உயரமாக இருக்கும். முதல் அழுத்த அசையை ஒட்டி வரும் சிகரம் மேலே நிற்கும். தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் முடிவு வருவதற்கு முன்பே அதை வைத்து இது கேள்வி என்று ஊகித்துவிடுகிறார்கள் என்று கேட்புச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. எழுத்தில் அவர்கள் வாக்கியத்தின் தலையில் தலைகீழ்க் கேள்விக்குறி போடுவதை இதோடு சேர்த்துப் பார்க்கலாம். ஸ்பானிய அரச கழகம் 1754-இல் வெளியிட்ட எழுத்துமுறை நூலில் அது வந்தது. முடிவில் மட்டும் குறி இருந்தால், நீண்ட வாக்கியத்தை உரக்கப் படிக்கிறவருக்குக் கேள்வியின் தொனியை எங்கே தொடங்குவது என்று தெரியாது. தெரிவதற்குள் பாதி வாக்கியத்தைச் செய்தியாகப் படித்து முடித்திருப்பார். முதலில் நீண்ட கேள்விகளுக்குத்தான் சொன்னார்கள். பின்னால் எல்லாவற்றுக்கும் ஆயிற்று. நமக்கு அந்தக் குறி தேவைப்படாததற்கும் அந்த ஆகாரம்தான் காரணமாக இருக்க வேண்டும். பக்கத்தின் கடைசியில் வந்தாலும் அது எழுத்தாக வந்து நிற்கிறதே.

பயிற்சிக்கு வழி கேட்பவர்களுக்கு: 'பிராத்' என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவானது, இலவசம். கைப்பேசியில் பதிவு செய்த குரலை அதில் போட்டால் சுருதி ஒரு நீலக் கோடாகத் தெரியும். முகப்பு தொன்னூறுகளை விட்டு இன்னும் வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். பார்சிலோனாவின் பொம்பெயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தார் இணையத்தில் வைத்திருக்கும் ஸ்பானியக் குரலோட்ட வரைபடத்தில் நாடு வாரியாக ஆட்கள் ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்கும் பதிவுகள் இருக்கின்றன. ஒரு நாட்டை எடுத்து, ஒரே கேள்வியைச் சொற்களை விட்டுவிட்டு முணுமுணுத்துப் பழகுங்கள். 'ம்ம் ம்ம்ம் ம்ம்' என்று மெட்டு மட்டும். வீட்டில் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். சொற்கள் இருந்தால் மூளை பொருளைத் தேடிப் போய்விடுகிறது, காது வேலை செய்வதில்லை.

ஜனவரியில் கலீசியாவிலிருந்து ஒரு குழு வருகிறது. ஸ்பெயினின் வடமேற்கு மூலை. அங்கே ஆம்-இல்லைக் கேள்வியும் இறங்கித்தான் முடியும் என்பதால் என் மாத்ரித் கணக்கு அவர்களிடம் செல்லாது. கிடைத்த கலீசியப் பேச்சையெல்லாம் கைப்பேசியில் ஏற்றிவைத்து, காரைக்குடிக்கும் கானாடுகாத்தானுக்கும் நடுவில் பஸ்ஸில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். காவல்காரரிடம் முன்கூட்டியே சொல்லியும் வைத்தேன்: "அண்ணே, அவர்கள் கேட்டாலும் சொல்வது மாதிரிதான் இருக்கும்."

"அப்படியானால் திறந்தே வைத்துவிடுகிறேன்" என்றார்.